தொண்ணூறு குடம்

கயத்தாற்றின் பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது ஒரு புளியமரம். 1799 அக்டோபர் 16 அன்று கும்பினிப் படை வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது அதில்தான். இன்று ஊரில் நினைவு மண்டபம் இருக்கிறது, நடிகர் சிவாஜி கணேசன் நிறுவிய சிலை இருக்கிறது. மரம் இல்லை.

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கு நான்குவழிச் சாலையில் போகிறவர் பார்ப்பது கண்ணுக்கெட்டிய தூரம் கறுத்த புஞ்சை, அதன்மேல் சுற்றும் காற்றாலைகள், ஓடைக்கரையெல்லாம் சீமைக்கருவேல். பழைய சாலையின் இருபுறமும் புளியமரங்கள் நின்ற காலம் நடுவயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். அடிமரத்தில் வெள்ளை பூசி, கறுப்பில் எண் எழுதியிருப்பார்கள். ஆண்டுதோறும் புளியம்பழ மகசூலை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் பழத்தை உலுக்கிக்கொண்டு போவார், நிழல் மட்டும் ஏலத்தில் சேராமல் ஊருக்கு மிஞ்சும். சாலை அகலமானபோது பெரும்பாலான மரங்கள் போயின.

மரம் சூழலுக்கு நல்லதா என்று கேட்டால் இல்லை என்று சொல்ல ஆள் கிடையாது. எந்த நன்மை, எவ்வளவு, எந்த மண்ணில், யார் தண்ணீர் ஊற்றி என்று கேட்கும்போதுதான் பதில்கள் பிரிகின்றன. மழை வரும், நிலத்தடி நீர் உயரும், காற்று சுத்தமாகும், புவி வெப்பம் தணியும் என்று நாம் வரிசையாகச் சொல்லும் நன்மைகளில் சில கரிசல் காட்டில் முழுதாக உண்மை, சில பாதி உண்மை, ஒன்றிரண்டு வெறும் நம்பிக்கை. கயத்தாறு வட்டாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாக உரசிப் பார்ப்பது இக்கட்டுரையின் வேலை.

மண் முதலில்

கரிசலில் குழி வெட்டியவருக்குத்தான் அதன் குணம் தெரியும். ஐப்பசியில் வெட்டினால் மம்பட்டியில் அப்பிக்கொண்டு விடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் காலால் வழித்துப்போட வேண்டும். சித்திரையில் வெட்டினால் கடப்பாரை பட்டுத் தெறிக்கும். இரண்டு மூன்று அடி இறங்கினால் பல இடங்களில் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு கலந்த சுக்கான் அடுக்கு வந்துவிடும். அதற்குக் கீழே இளங்கன்றின் வேர் எளிதில் போகாது.

இதற்குக் காரணம் மண்ணில் உள்ள களிமண் வகை. மாண்ட்மோரிலோனைட் எனப்படும் அந்தக் கனிமம் நீரை உறிஞ்சி உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுவது அதனால்தான். சில நிலங்களில் வெடிப்பு ஒரு மீட்டர் ஆழம்வரை இறங்கும். கன்றின் மெல்லிய வேர்கள் அந்த இடத்தில் இருந்தால் மண் பிளக்கும்போது வேரும் அறுபடும். அடியில் ஊற்றிய தண்ணீர் பக்கத்து வெடிப்பு வழியாக எங்கோ ஓடிவிடும். ஊற்றியவருக்கு ஊற்றிய திருப்தி, கன்றுக்குத் தாகம்.

இந்த மண் மோசமான மண் அல்ல. மழை முடிந்த பிறகும் ஈரத்தைப் பிடித்துவைத்து உளுந்தையும் பாசியையும் பருத்தியையும் விளைவிக்கும் மண். 1901இலிருந்து கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இயங்கிவருவதே மானாவாரிக் கரிசலின் மதிப்பை அறிந்துதான். ஆனால் நான்கு மாதப் பயிரின் கணக்கு வேறு, நாற்பது ஆண்டு மரத்தின் கணக்கு வேறு. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். பயிர் அதற்குள் பிழைப்பை முடித்துக்கொள்ளும். மரம் அதற்குப் பிறகு வரும் எட்டொன்பது மாதங்களையும் தாண்டியாக வேண்டும்.

அப்படித் தாண்டக் கற்றுக்கொண்டவைதான் இங்கே தானாக முளைப்பவை: வேலமரம், உடைமரம், வெள்வேல், விடத்தலை, வேம்பு, மஞ்சணத்தி, இலந்தை, பனை. பெரும்பாலும் சின்ன இலை, முள், ஆழவேர். கரிசல் எழுத்தில் மரம் என்றால் இவைதாம் வரும். கி. ராஜநாராயணனின் இடைசெவல் இங்கிருந்து தொலைவில்லை. அவர் காட்டிய காடு அடர்ந்த வனம் அல்ல, தூரத்துக்கு ஒன்றாக மரம் நிற்கும் வெயில் வெளி. கரிசலின் இயல்பான மரச் செறிவே அவ்வளவுதான் என்பதை இப்போதே மனதில் குறித்துக்கொள்வோம். பின்னால் தேவைப்படும்.

நிழல்: ஐயமில்லாத நன்மை

இந்த வட்டாரத்தில் மரத்தின் முதல் பயன் நிழல். மற்ற எல்லாப் பயன்களையும் விட்டாலும் இதற்காக மட்டுமே மரம் வைக்கலாம்.

நன்கு வளர்ந்த புளியமரத்தின் குடை 12 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் அது மூடும் தரை ஏறத்தாழ 113 சதுர மீட்டர். உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஆற்றல் சுமார் ஒரு கிலோவாட். அப்படியென்றால் தரைக்கும் நம் தலைக்கும் வரவேண்டிய நூறு கிலோவாட் வெப்பத்தில் பெரும்பகுதியை அந்த ஒரு மரம் வழியிலேயே வாங்கிக்கொள்கிறது. மரத்தடியில் காற்றின் வெப்பநிலையை அளந்தால் ஓரிரு டிகிரிதான் குறைந்திருக்கும். ஆனால் உடம்பு உணரும் சூடு மிகவும் குறைந்திருக்கும். காரணம், நம்மைச் சுடுவது காற்று மட்டுமல்ல. நேர் வெயிலும், காய்ந்த தாரும், கறுத்த மண்ணும் வீசும் அனலும் சேர்ந்துதான் சுடுகின்றன. மரம் அந்த மூன்றையும் ஒரே நேரத்தில் மறிக்கிறது.

இலை வழியாக நீர் ஆவியாவதும் குளிர்ச்சி தரும். 100 லிட்டர் நீர் ஆவியாகும்போது அது எடுத்துக்கொள்ளும் வெப்பம் சுமார் 70 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இரண்டு வீட்டு ஏசி ஒரு நாள் முழுக்கச் செய்யும் வேலை என்று இதை ஒப்பிடுவதுண்டு. இந்தக் கணக்கு சரியே. ஆனால் நீர் கிடைக்கும் இடத்து மரத்துக்குத்தான் அது முழுதாகப் பொருந்தும். பங்குனி, சித்திரையில் அடிமண் காய்ந்த கரிசல் வேம்பு இலைத்துளைகளைச் சுருக்கிக்கொண்டு தன் உயிரைக் காப்பாற்றப் பார்க்கும். அந்த மாதங்களில் ஏசிக் கணக்கைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ வைத்துக்கொள்வது நல்லது. நிழல் கணக்கில் மட்டும் குறைவு இல்லை.

இந்த நன்மை மரம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஊருக்கு வெளியே தரிசில் நிற்கும் நூறு மரங்களைவிடப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஒன்று, பள்ளி மைதானத்தின் மேற்கு ஓரத்தில் நிற்கும் மூன்று, உளுந்தடிக்கும் களத்து மேட்டில் நிற்கும் ஒன்று அதிக மனிதர்களைக் காக்கும். வெயிலில் நின்று வேலை செய்கிறவர்களின் ஊரில் நிழலை மரத்தின் எண்ணிக்கையால் அளக்கக் கூடாது. அதன் கீழே ஒதுங்கிய ஆள்களால் அளக்க வேண்டும்.

நீர்: கொடுக்கிறதா, குடிக்கிறதா?

மரம் வைத்தால் மழை வரும் என்பது மேடைகளில் அடிக்கடி கேட்கும் வாக்கு. அமேசான் போன்ற பெருங்காடுகள் ஈரத்தைத் திரும்பத் திரும்ப வானத்துக்கு அனுப்பி உள்நாட்டு மழையை வளர்ப்பது நிரூபணமான உண்மை. அது லட்சக்கணக்கான சதுர கிலோமீட்டரில் நடக்கும் காரியம். கயத்தாற்றுக்கு மழை தருவது வங்கக் கடலும் ஐப்பசிக் காற்றும். ஊரில் ஆயிரம் மரம் கூடுவதால் மழைமானியில் மாற்றம் வரும் என்று எதிர்பார்ப்பதற்கு ஆதாரம் இல்லை.

நிலத்தடி நீர் விஷயம் இன்னும் நுட்பமானது. மரம் இரண்டு எதிரெதிர் வேலைகளைச் செய்கிறது. வேர் போன தடமும், மண்புழுவும், சருகு மக்கிய மேல்மண்ணும் மழைநீர் உள்ளே இறங்க வழி திறக்கின்றன. அதே மரம் இறங்கிய நீரைக் குடிக்கவும் செய்கிறது. எது மிஞ்சும்?

2005இல் சயின்ஸ் இதழில் ராபர்ட் ஜாக்சனும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு, உலகின் பல பகுதிகளில் புல்வெளிகளிலும் புதர்க்காடுகளிலும் தோப்பு எழுப்பிய இடங்களின் அளவீடுகளைத் தொகுத்தது. ஓடைகளின் நீரோட்டம் சராசரியாக 52 சதவீதம் குறைந்திருந்தது. 13 சதவீத ஓடைகள் ஓராண்டுக்காவது முழுக்க வற்றியிருந்தன. வேகமாக வளரும் மரங்களை நெருக்கமாக நட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது எச்சரிக்கை.

அதற்கு மறுபக்கம் 2016இல் ஆப்பிரிக்காவின் புர்க்கினா ஃபாசோவிலிருந்து வந்தது. உல்ஃப் இல்ஸ்டெட் குழுவினர் வெயில்வெளி விவசாய நிலங்களில் மரச் செறிவையும் நீர் இறங்குவதையும் சேர்த்து அளந்தார்கள். மரமே இல்லாத நிலத்தில் மழைநீர் மேலோடியும் ஆவியாகியும் போனது. நெருக்கமாக மரம் நின்றால் மரங்களே குடித்துவிட்டன. நடுத்தரமான செறிவில்தான் நிலத்தடிக்கு அதிக நீர் போனது. அவர்களது மண் வேறு, உப்பிச் சுருங்கும் நம் கரிசலில் நீர் இறங்கும் விதம் வேறு, ஆகவே எண்களை அப்படியே இங்கே தூக்கிவைக்க முடியாது. ஆனால் அந்த முடிவு சுட்டும் திசை, தூரத்துக்கு ஒன்றாக மரம் நிற்கும் கரிசலின் பழைய தோற்றத்தோடு பொருந்துகிறது. முன்னால் குறித்துவைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

கண்மாய்களில் மரம் எங்கே நிற்கிறது என்பதே எல்லாம். கரையின் மேல் பனை நின்றால் அதன் நார்வேர்க் கொத்து கரையை இறுக்கிப் பிடிக்கும். உள்வாயில் முள்மரம் அடைந்தால் வண்டல் தேங்கும், தண்ணீர் நிற்க இடம் குறையும். 1980களில் சுவீடன் நாட்டு உதவியோடு தமிழ்நாட்டில் நடந்த சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் கண்மாய் உள்வாய்களில் நாட்டுக் கருவேல் நடப்பட்டது. விறகும் வருமானமும் ஊராட்சிகளுக்குக் கிடைத்தன. அதோடு, நீர் நிற்க வேண்டிய இடத்தில் மரம் நிற்கலாமா என்ற கேள்வியும் எழுந்தது. மரம் ஒன்றே, நின்ற இடத்தைப் பொறுத்து அது உதவியாகவும் ஆகும், இடைஞ்சலாகவும் ஆகும்.

கரிசலுக்கே உரிய இன்னொரு கணக்கும் உண்டு. மரம் நீரை உறிஞ்சும்போது அதைச் சுற்றிய களிமண் மேலும் சுருங்கும். சுவரை ஒட்டி வேம்போ ஆலோ வளர்ந்தால் அடிமண் ஒரு பக்கம் இறங்கிச் சுவரில் கீறல் விழும். வீட்டு நிழலுக்கு மரம் வைப்பவர்கள் மரம் எவ்வளவு உயரம் வளருமோ கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் தள்ளி வைப்பது பாதுகாப்பு.

காற்றும் புழுதியும்

ஆனியும் ஆடியும் இந்தப் பக்கம் காற்று மாதங்கள். தென்மேற்குப் பருவம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு, கணவாய் வழியாக வெறுங்கையோடு இங்கே பாய்கிறது. தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் தன் காற்றாலைச் சோதனை நிலையத்தைக் கயத்தாற்றில் வைத்திருப்பது அந்த வேகத்தை நம்பித்தான். ஆலைக்காரருக்கு வருமானமான காற்று, வெற்றுப் புஞ்சைக்கு நட்டம். பயிர் இல்லாத அந்த மாதங்களில் மேல்மண்ணின் நுண்ணிய பகுதி எழும்பிப் போகிறது. வீட்டுக்குள் பாத்திரம் மூடிவைக்காமல் சோறு வைக்க முடியாது.

காற்றுத் தடுப்பு மரவரிசை பற்றிய அறிவு உலகெங்கும் ஒத்த முடிவு சொல்கிறது. காற்றுக்குக் குறுக்கே நிற்கும் வரிசை, தன் உயரத்தைப்போலப் பத்து முதல் இருபது மடங்கு தூரம்வரை காற்றின் வேகத்தைக் குறைக்கும். முழுச் சுவர்போல அடைத்தால் காற்று மேலே எகிறிக் குதித்துப் பின்னால் சுழலும். கொஞ்சம் இடைவெளி விட்ட, காற்றைச் சலிக்கும் வரிசையே நல்லது. மேற்குக் காற்று அடிக்கும் இங்கே வரிசை தெற்கு வடக்காகப் போக வேண்டும். வயலோரப் பொழியில் வேம்பும் பனையும் கலந்து வைத்தால் நிலம் அதிகம் போகாது.

விவசாயிகள் ஏன் தயங்குகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மரத்தடியில் உளுந்து காய்க்காது. மரத்தில் உட்காரும் கிளி சூரியகாந்தியையும் சோளத்தையும் விடாது. புதர் அடைந்தால் காட்டுப்பன்றி படுத்துக்கொண்டு மக்காச்சோளத்தைப் புரட்டும், மயில் வேறு. வெளியிலிருந்து வந்து மரத்தின் நன்மையைப் பேசுகிறவர் இந்த நட்டத்தை எதிர்ப்பக்கத்தில் எழுதாமல் போனால் அவர் சொல்வது ஊரில் எடுபடாது.

கரியமிலக் கணக்கும் ஆக்சிஜன் கதையும்

மரம் தரும் ஆக்சிஜனால்தான் மூச்சு விடுகிறோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். வளிமண்டலத்தில் 21 சதவீதம் ஆக்சிஜன். கோடிக்கணக்கான ஆண்டுகளில் சேர்ந்த சேமிப்பு அது. ஊரில் மரம் குறைந்தால் வெயில் கூடும், புழுதி கூடும், ஆக்சிஜன் குறையாது. அரசமரம் இரவிலும் ஆக்சிஜன் விடும் என்பதும் அதே வகைக் கதை. மரத்துக்குப் பெருமை சேர்க்கப் பொய் தேவையில்லை.

கரியமில வாயுவை மரம் சேமிப்பது உண்மை. காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம். 200 கிலோ உலர் எடைக்கு வளர்ந்த வேம்பில் 100 கிலோ கரிமம் இருக்கும். காற்றிலிருந்து அது எடுத்த கரியமில வாயு 367 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ வெளியேறும். ஆக, அந்த வேம்பின் வாழ்நாள் உழைப்பு 160 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் பைக்கில் தினம் 40 கிலோமீட்டர் வேலைக்குப் போய்வருகிறவர் 200 நாளில் அதைத் தீர்த்துவிடுவார்.

பக்கத்தில் சுற்றும் காற்றாலையோடு ஒப்பிட்டால் படம் தெளிவாகும். ஒரு மெகாவாட் ஆலை ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் யூனிட் தரும் என்று வைப்போம். நிலக்கரி மிகுந்த நம் மின்கட்டமைப்பில் யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று கொண்டால் அது ஆண்டுதோறும் தவிர்ப்பது 1,400 டன். சுமார் 3,800 வேம்புகள் வாழ்நாளெல்லாம் சேர்த்தது ஒரே ஆண்டில். இது மரத்தைச் சிறுமைப்படுத்தும் கணக்கு அல்ல. கயத்தாற்றில் புவி வெப்பத்தைக் குறைக்கும் வேலையை ஆலை பார்க்கும், ஊர் வெப்பத்தைக் குறைக்கும் வேலையை மரம் பார்க்கும். ஆலையால் நிழல் தர முடியாது, மரத்தை நம்பி நிலக்கரியை எரித்துக்கொண்டே இருக்கவும் முடியாது.

சீமைக்கருவேல் கற்பித்த பாடம்

மரம் என்றால் எல்லாம் நன்மை என்ற எண்ணத்துக்குக் கரிசல் தரும் பதில் சீமைக்கருவேல். அமெரிக்கக் கண்டத்து மரம். 1870களின் பிற்பகுதியில் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் வறண்ட நிலத்துக்கு விறகு தரட்டும் என்று கொண்டுவந்து நட்டார்கள். நோக்கம் நல்லதுதான். நட்டபோது சொன்ன நன்மைகளை எல்லாம் அது தந்தும் இருக்கிறது. வறட்சியில் விறகு, கரிமூட்டத்தில் வருமானம், ஆடுகளுக்கு இனிப்பான நெற்று. அந்த நெற்றைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தோடு விதை கண்மாய், ஓடை, தரிசு என்று எங்கும் போய்ச் சேர்ந்தது. புல் மறைந்தது, நாட்டு முள்மரங்கள் ஒதுங்கின.

2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் இதை அகற்ற உத்தரவிட்டது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவித் தாவரங்களுக்கென்று கொள்கை வெளியிட்டது. இதனிடையே மரத்தின்மேல் இல்லாத பழிகளும் ஏறின. காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்பதற்கு எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் நடந்தது போன்ற அளவீடுகள் உண்டு. வேரோடு எடுக்காமல் வெட்டினால் இரட்டிப்பாகத் துளிர்க்கும். எடுத்த இடத்தில் வேறொன்றை வளர்க்காமல் விட்டால் அடுத்த ஐப்பசியில் அதுவே முளைக்கும். அகற்றுவது பாதி வேலை, அந்த இடத்தைப் புல்லாலும் நாட்டு மரத்தாலும் நிரப்புவது மீதி.

இதிலிருந்து கிடைக்கும் விதி எளிது. வேகமாக வளர்கிறது, எதையும் தாங்குகிறது, ஆடு கடிக்காது என்ற மூன்று தகுதியையும் ஒருவர் ஒரே மூச்சில் சொன்னால் அந்த மரத்தை நடுவதற்கு முன் நாம் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

மரம் வேண்டாத இடம்

வருவாய்ப் பதிவேட்டில் தரிசு என்று எழுதியிருக்கும் நிலம் எல்லாம் உயிரற்ற நிலம் அல்ல. இதே தூத்துக்குடி மாவட்டத்தில் வல்லநாட்டில் வெளிமான் சரணாலயம் இருக்கிறது. பெயரே விளக்கம் சொல்கிறது: அது வெளியில் வாழும் மான். தூரத்தில் வரும் ஆபத்தைப் பார்த்து ஓடித் தப்பும் விலங்குக்குப் புல்லும் திறந்த நிலமும் வேண்டும். அங்கே நெருக்கமாக மரம் நட்டால் அதற்கு வீடு போகும். கௌதாரிக்கும் வானம்பாடிக்கும் ஆட்டுக் கிடைகளுக்கும் அதே நிலைதான்.

மரம் உயிர்களுக்குத் தரும் நன்மை ஊர் மரங்களில் கண்கூடு. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் வீட்டு வாசல் மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டுகின்றன, ஊரார் அவற்றின் எச்சத்தையும் சத்தத்தையும் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆலும் அரசும் அத்தியும் வேறு பழம் இல்லாத மாதத்திலும் பறவைக்குத் தீனி கொடுக்கும். மஞ்சணத்தியை யாரும் நடுவதில்லை, பறவை நடுகிறது. ஊருக்குள்ளும் சாலையோரமும் கோயில்காட்டிலும் மரம் கூட வேண்டும், புல்வெளி புல்வெளியாக இருக்க வேண்டும். 1988ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கையும், 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழகம் இயக்கமும் மூன்றில் ஒரு பங்குப் பசுமைப் பரப்பை இலக்காக வைத்திருக்கின்றன. அந்த 33 சதவீதம் மாநில முழுமைக்கான எண். கயத்தாற்றுக்கும் கொடைக்கானலுக்கும் அதை ஒரே அச்சில் வார்க்க முடியாது.

நட்ட பிறகு

இனி இக்கட்டுரையின் மையத்துக்கு வரலாம். மேலே சொன்ன எந்த நன்மையும் கன்று தருவதில்லை, மரம் தருகிறது. இரண்டுக்கும் நடுவே மூன்று கோடைகள் இருக்கின்றன.

ஆசியாவின் வெப்பமண்டல, மிதவெப்பமண்டல நாடுகளில் 176 மறுகாடாக்க இடங்களின் பதிவுகளைத் தொகுத்து 2022இல் வெளியான ஆய்வில், நட்ட கன்றுகளில் சராசரியாக 18 சதவீதம் முதல் ஆண்டிலேயே பட்டுப்போயின. ஐந்து ஆண்டில் 44 சதவீதம். இவை ஆய்வாளர்கள் கண்காணித்த இடங்கள். யாரும் திரும்பிப் பாராத இடங்களின் நிலையை நம் ஊர்ச் சாலையோரத்தில் வெறுமையாக நிற்கும் இரும்புக் கூண்டுகள் சொல்லும். இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பகுதியில் பல்லாண்டு அரசு நடவுகளை ஆராய்ந்து 2021இல் வந்த ஆய்வோ, அந்த நடவுகளால் காட்டின் அடர்த்தி கூடியதற்குத் தடயமே கிடைக்கவில்லை என்றது.

நம் பக்கம் தோல்வியின் முதல் காரணம் நாட்காட்டியில் இருக்கிறது. உலகச் சுற்றுச்சூழல் நாள் ஜூன் 5. கே.எம். முன்ஷி 1950இல் தொடங்கிவைத்த வனமகோற்சவம் ஜூலை முதல் வாரம். தென்மேற்கு மழை பெய்யும் ஊர்களுக்கு இரண்டும் சரியான நாள். கயத்தாற்றில் அது ஈரமில்லாத காற்று மண்ணை வறுக்கும் நேரம். அன்று நட்ட கன்று மழையைப் பார்க்க நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். இங்கே நடவுக்கு ஏற்றது புரட்டாசிக் கடைசியும் ஐப்பசித் தொடக்கமும். கட்டபொம்மன் நினைவு நாளான அக்டோபர் 16 அந்த வாரத்தில்தான் வருகிறது. அந்த நாளில் ஊர்தோறும் ஒரு புளியங்கன்று நட்டால் நினைவும் நிற்கும், கன்றும் நிற்கும்.

அடுத்தது குழி. கரிசலில் இரண்டடிக்குக் குறையாமல் நீள அகல ஆழம் வெட்டி, வெட்டிய களிமண்ணையே திரும்பப் போடாமல், கண்மாய் வண்டல், செம்மண், மக்கிய எரு கலந்து நிரப்ப வேண்டும். வெடிப்பு அந்தக் கலவைக்குள் எளிதில் ஓடாது. மேலே பருத்திமார், உளுந்தம்பொட்டு, காய்ந்த சருகு என்று நாலு விரல் கனத்துக்கு மூடாக்கு. சுற்றிலும் வேலமுள். ஆடு வேலிக்குள் தலைவிடும் உயரத்தை அறிந்து கட்டத் தெரிந்தவர் ஊரில் எப்போதும் ஒருவர் இருப்பார். அவரைக் கேட்டுக் கட்டுவது இரும்புக் கூண்டைவிட மலிவு. கூண்டு வைத்தால் மரம் பருக்கும்போது கழற்ற வேண்டும். கழற்ற மறந்த கூண்டு பட்டைக்குள் புதைந்து மரத்தை நெரிப்பதைச் சாலையோரங்களில் பார்க்கலாம்.

பிறகு தண்ணீர். மார்கழியோடு மழை நின்றால் அடுத்த புரட்டாசிவரை சுமார் நாற்பது வாரம். கோடைமழை கைகொடுக்கும் வாரங்களைக் கழித்தால் முப்பது. வாரத்துக்கு ஒரு குடம், சுமார் 15 லிட்டர், வேருக்குப் பக்கத்தில் மெல்ல இறங்கும்படி ஊற்றினால் நாட்டு மரம் பிழைக்கும். ஆண்டுக்கு முப்பது குடம், மூன்று ஆண்டுக்குத் தொண்ணூறு. என் கணக்கில் கரிசலில் ஒரு மரத்தின் விலை அதுதான். கன்றின் விலை, குழியின் கூலி எல்லாம் அதற்குக் கீழே. நூறு கன்று நடுகிறவர் 9,000 குடத்துக்கு, அதாவது 1,35,000 லிட்டருக்கு வாக்குக் கொடுக்கிறார். ஊர்க் குடிநீருக்கே லாரி வரும் பங்குனியில் அந்த வாக்கைக் காப்பாற்றுவது எளிதல்ல.

கருநாடகத்தின் சாலுமரத திம்மக்கா இந்தக் கணக்கைத் தெரிந்தே நடந்தவர். குதூர் சாலையில் அவரும் கணவரும் வளர்த்த 385 ஆலமரங்கள் உலகப் புகழ் பெற்றன, 2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. புகழில் மறைந்துபோன செய்தி ஒன்று உண்டு. முதல் ஆண்டு அவர்கள் வைத்தது பத்துக் கன்று. அடுத்த ஆண்டு பதினைந்து, அதற்கடுத்து இருபது. குடத்தில் சுமந்து ஊற்ற முடிந்த அளவுக்கே வைத்தார்கள். அதனால் நின்றது.

நடாமலே மரம் வளர்ப்பதும் உண்டு. நைஜர் நாட்டில் 1980களில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர், நட்ட கன்றெல்லாம் செத்த பிறகு, புஞ்சைக்குள் புதர்போலக் கிடந்தவை வெட்டுண்ட பழைய மரங்களின் உயிருள்ள கட்டைகள் என்று கண்டுகொண்டார். துளிர்களில் ஒன்றிரண்டை விட்டு மற்றதைக் கழித்து, ஆடு கடிக்காமல் பார்த்துக்கொண்டார்கள் விவசாயிகள். சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின. வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருந்ததால் குடம் தேவைப்படவில்லை. நம் பொழியிலும் ஓடைமேட்டிலும் ஆண்டுதோறும் உழவில் சிதையும் வேம்பு, வெள்வேல், மஞ்சணத்தித் துளிர்களுக்கு இந்தப் பாடம் அப்படியே பொருந்தும். பனையும் இதே சேர்த்தி. கொட்டையை மழைக்கு முன் கரையில் புதைத்தால் போதும், வேர் தானே கீழே தேடிப் போகும். பொறுமைதான் வேண்டும், பாளை விட பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகும்.

கோவில்பட்டி மண்ணோடு தொடர்புடைய நடிகர் விவேக், அப்துல் கலாம் தூண்டுதலில் ஒரு கோடி மரம் என்று தொடங்கி, 2021இல் மறையும்போது 33 லட்சத்தை எட்டியிருந்தார் என்பார்கள். மரம் நடுவதைச் சாதாரண மனிதரின் பேச்சாக்கியது அவருடைய கொடை. அந்த எண்ணை இன்று மதிக்க நினைப்பவர்களுக்குப் புதிதாக நடுவதோடு, அவர் நட்டவற்றில் நிற்பவை எவை என்று தேடிப்போய்ப் பார்ப்பதும் அஞ்சலிதான்.

ஒன்றுக்குப் பத்து

பராமரிப்பில் பெரிய பங்கு, இருக்கும் மரத்தை வைத்துக்கொள்வது. வெட்டும் மரம் ஒன்றுக்குப் பத்துக் கன்று நட வேண்டும் என்பது நம் நாட்டில் பழகிவிட்ட ஈடு. நிழலால் அளந்து பார்த்தால் அதன் பொருள் தெரியும். வெட்டிய புளியின் குடை 113 சதுர மீட்டர். ஒரு மீட்டர் அகலக் குடையுள்ள கன்று தருவது 0.8 சதுர மீட்டருக்கும் குறைவு. பத்தும் பிழைத்தாலும் 8 சதுர மீட்டர்தான், பழைய நிழலில் 7 சதவீதம். அந்தப் பத்தும் வெட்டிய இடத்தில் நடப்படுவதும் அரிது. புளி நின்றது பேருந்து நிறுத்தத்தில், கன்றுகள் போவது எங்கோ ஒரு புறம்போக்குக்கு.

நிற்கும் மரத்துக்கு வேண்டியது அதிகமில்லை. அடியைச் சுற்றி ஒரு மீட்டராவது சிமென்ட் பூசாமல் விடுவது (டெல்லி மரங்களுக்கு 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே இதைச் சொல்ல வேண்டியிருந்தது), விளம்பரத் தட்டிக்கு ஆணி அடிக்காதிருப்பது, அடியில் குப்பை கொளுத்தாதிருப்பது, மின்கம்பிக்காக ஒரு பக்கமே கழித்து மரத்தைச் சாயவிடாதிருப்பது. நுனி கருகும் நோய் வேம்புகளைத் தாக்குவதைப் பார்க்கிறோம். வரிசை முழுக்க வேம்பாகவே வைக்காமல் புளி, பூவரசு, வாகை, ஆல் என்று கலப்பதற்கு அதுவே காரணம்.

கணக்கை முடிக்க

உரசிப் பார்த்ததில் நின்றவை இவை. நிழல் முழு உண்மை. புழுதியையும் மண்ணரிப்பையும் தடுப்பது உண்மை, வரிசை சரியாக நின்றால். நிலத்தடி நீருக்கு உதவுவது அளவோடு நட்டால் உண்மை, நெருக்கினால் தலைகீழ். பறவைக்கும் பூச்சிக்கும் நன்மை உண்மை, புல்வெளியைப் பறிக்காதவரை. கரியமிலம் சின்ன உண்மை. மழையும் ஆக்சிஜனும் ஊர் அளவில் கதை. இவற்றில் எதுவும் மூன்றாவது கோடையைத் தாண்டாத கன்றிலிருந்து கிடைக்காது.

ஆகவே ஓர் ஊர் எத்தனை கன்று நடலாம் என்பதை இலக்கு எழுதிய தாளிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. புரட்டாசியில் மந்தையில் உட்கார்ந்து கேட்டாலே தெரியும். வாரம் ஒரு குடம், முப்பது வாரம், மூன்று வருசம் ஊற்ற எத்தனை வீடு தயார்? பன்னிரண்டு வீடு கை தூக்கினால் பன்னிரண்டு கன்று. ஊராட்சி லாரியில் மாதம் ஒரு நடை விட ஒத்துக்கொண்டால் அதற்கேற்பக் கொஞ்சம் கூட. கிடைக்கும் மொத்தக் குடத்தைத் தொண்ணூறால் வகுத்தால் வரும் எண்ணுக்கு மேல் நாற்றங்காலில் கன்று வாங்க வேண்டாம். மீதியிருந்தால் பனங்கொட்டை பொறுக்குவோம்.